ஒரு லோட்டா தண்ணி

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சித்தூரிலிருந்து பஸ்ஸில் வெந்துபோய்த் திருப்பதியில் தம்பி வீட்டுக்குப் போனவன், "ஒரு லோட்டா தண்ணி குடும்மா" என்றேன். தம்பி மருமகள் டில்லியில் வளர்ந்த பெண். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ பெரிய மாமா, லோட்டான்னு சொல்லாதீங்க. அங்கெல்லாம் அது வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போறது."

அறுபது வருஷமாக நான் காபி குடித்த சாமான்! எங்கள் ஊரில் தெலுங்கு பேசுகிற வீட்டிலும் லோட்டாதான், தமிழ் பேசுகிற வீட்டிலும் லோட்டாதான். 1911-ல் வட ஆற்காட்டிலிருந்து எங்களைப் பிரித்தார்கள். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. 2022-ல் திருப்பதியும் தனிக்குடித்தனம் போய்விட்டது. இத்தனை பாகப்பிரிவினையிலும் யாரும் பங்கு கேட்காத சொத்து லோட்டா ஒன்றுதான்.

"வேற என்னன்னு கேக்கறது?"

"கிளாஸ்னு கேளுங்க மாமா."

கொண்டுவந்து நீட்டினாள். எவர்சில்வர் கிளாஸ். அதில் சில்வரும் கிடையாது, கிளாஸும் கிடையாது. டீக்கடையில் பேப்பர் கிளாஸ். கல்யாணத்தில் பிளாஸ்டிக் கிளாஸ். நிஜமான கண்ணாடியில் டீ வேண்டுமென்றால் "கண்ணாடி கிளாஸ்ல குடுப்பா" என்று கெஞ்ச வேண்டும். அதாவது கண்ணாடிக் கண்ணாடியில். என் மூக்கில் இருப்பதும் கிளாஸ். பேரன் படிப்பது எட்டாம் கிளாஸ், சாயந்திரம் டியூஷன் கிளாஸ். "கிளாஸுக்கு நேரமாச்சு, கிளாஸை மாட்டிக்கிட்டு கிளாஸ்ல இருக்கறதைக் குடி" என்றால் பிள்ளை என்னத்தைக் குடிக்கும்?

டம்ளர் என்கலாம். ஆனால் ஆதியில் அதற்கு அடி உருண்டையாம். கீழே வைத்தால் உருளும், அதனால்தான் அந்தப் பேராம். நம் டம்ளர் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது, பேர் மட்டும் உருள்கிறது. குவளை என்றால் பூவா பாத்திரமா என்று நிகண்டைப் புரட்ட வேண்டும். அயர்லாந்துக்காரர்கள் டீக்கோப்பையைக் 'குப்பான்' என்கிறார்கள். அங்கேயாவது குப்பனுக்கு மரியாதை இருக்கிறது.

இப்படி நான் பொருமிக்கொண்டிருக்கும்போதே அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"பெரிய மாமா, காபி மக்ல ஊத்தட்டுமா?"

மக்! எங்கள் வீட்டில் அது சிவப்பு பிளாஸ்டிக். குளியலறை வாளியில் மிதக்கிறது.