ஜாமீன் கையெழுத்து

உறவுமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் குழம்பக் கூடாது. இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜுக்கு ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம் அத்தை மகன். ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸ் சித்தி மகன், அதாவது தம்பி. அந்த நிக்கோலஸ் கட்டிய அலிக்ஸ், வில்ஹெல்முக்குச் சித்தி மகள். ஆக, ஜார் நிக்கோலஸ் கைசர் வில்ஹெல்முக்கு மாப்பிள்ளை முறை. 1913 மே மாதம் வில்ஹெல்ம் தன் ஒரே மகளுக்கு பெர்லினில் கல்யாணம் செய்தபோது ஜார்ஜும் நிக்கோலஸும் ஜெர்மன் ராணுவ உடையை மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். பதினைந்து மாதம் கழித்து மூன்று பேர் ராணுவமும் சண்டைக்கு நின்றன.

இதை வைத்து, முதல் உலகப் போரே ஒரு குடும்பச் சண்டை என்பார்கள். குடும்பச் சண்டைக்குச் சொத்து வேண்டும். சொத்து ஆப்பிரிக்காவில் இருந்தது.

1884 நவம்பரில் பிஸ்மார்க் வீட்டில் பதினான்கு நாட்டுப் பிரதிநிதிகள் உட்கார்ந்து ஆப்பிரிக்காவில் நிலம் பிடிப்பதற்கு விதிமுறை வகுத்தார்கள். பெல்ஜிய மன்னர் லியோபோல்டு தன் நாட்டைப் போல எழுபது மடங்குக்கு மேல் பெரிய காங்கோவைத் தன் சொந்தப் பெயருக்கே எழுதி வாங்கிக்கொண்டார். அங்கே குடியிருந்தவர்களுக்கு மட்டும் கூட்டத்துக்கு அழைப்பு போகவில்லை.

ஜெர்மனி ஒரே நாடாக ஆனதே 1871இல்தான். அதற்குள் பிரிட்டனும் பிரான்சும் நல்ல இடங்களை வளைத்துப் போட்டிருந்தன. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது நம் ஊர் விவேகம். ஜெர்மனி பந்திக்குப் பிந்திவிட்டது. அந்த ஆத்திரத்தில்தான் படைக்கு முந்தத் துடித்தது.

அந்த ஆத்திரத்தின் உச்சக் காட்சி 1911இல் மொராக்கோவின் அகாதிர் துறைமுகத்தில் நடந்தது. மொராக்கோவை பிரான்ஸ் விழுங்கப் பார்க்கிறது, நமக்கும் ஒரு கவளம் வேண்டும் என்று ஜெர்மனி ‘பான்தர்’ என்ற பீரங்கிப் படகை அனுப்பியது. வெளியே சொன்ன காரணம்: அங்கே ஜெர்மன் குடிமக்களின் உயிருக்கு ஆபத்து. சிக்கல் என்னவென்றால், அகாதிரில் ஜெர்மன் குடிமகன் ஒருவர்கூடக் கிடையாது. ஆபத்தில் மாட்டிக்கொள்ள வேறு ஊரிலிருந்து ஒருவரை அவசரமாக வரவழைத்தார்கள். காப்பாற்ற வேண்டிய படகு முதலில் வந்துவிட்டது. காப்பாற்றப்பட வேண்டியவர் நாலாவது நாள்தான் வந்து சேர்ந்தார். வந்தும் கரையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்த அவரைப் படகிலிருந்தவர்கள் கண்டுகொள்ளவில்லையாம். இதற்காக ஐரோப்பா ஏறக்குறைய போர் வரை போனது. முடிவில் பிரான்சுக்கு மொராக்கோ. ஜெர்மனிக்குக் காங்கோ பக்கம் தூக்க நோய் மண்டிய சதுப்பு நிலம்.

கப்பல் கதை இன்னொரு கிறுக்கு. பிரிட்டிஷ் கடற்படையில் வில்ஹெல்ம் கௌரவ அட்மிரல். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு பூரித்த மனிதர், அதே கடற்படைக்குப் போட்டியாகக் கப்பல் கட்ட ஆரம்பித்தார். 1906இல் பிரிட்டன் ‘டிரெட்னாட்’டை இறக்கியது, அதற்கு முந்தைய போர்க்கப்பல் எல்லாம் ஒரே நாளில் பழைய இரும்பு ஆனது, பிரிட்டனுடையதும் சேர்த்து. ஜெர்மன் கப்பல்களைக் கண்டு பயந்துபோன பிரிட்டன், நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டிய பிரான்சோடு 1904இலும், ஆகாத ரஷ்யாவோடு 1907இலும் ராசியாகியிருந்தது.

இப்போது ஜாமீனுக்கு வருவோம். 1879இல் ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு ஜெர்மனி ஜாமீன் கையெழுத்துப் போட்டது. 1882இல் இத்தாலியும் அவர்களோடு சேர்ந்து போட்டது. 1894இல் பிரான்சும் ரஷ்யாவும் ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டார்கள். எல்லாம் அமைதிக்காகத்தான்! நமக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள் என்றால் எவன் வாலாட்டுவான் என்று கணக்கு. கடன் வாங்கியவர் எப்படிப்பட்டவர் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

வாங்கியவர் ஆஸ்திரியா. அதன் தலைமைத் தளபதி கான்ராட், செர்பியா மீது படையெடுக்கலாமா என்று கேட்பதையே அன்றாட அலுவலாக வைத்திருந்தார். அவரைத் தடுத்தவர்களில் முக்கியமானவர் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். 1914 ஜூன் 28இல் சரஜேவோவில் செர்பியத் தேசியவாத இளைஞர்கள், மிகுந்த யோசனையோடு, அந்த மனிதரையே தேர்ந்தெடுத்துக் கொன்றார்கள்.

கொன்றதும் லேசில் நடக்கவில்லை. முதலில் ஒருவன் வீசிய குண்டு தவறிப் பின்னால் வந்த வண்டியருகே வெடித்தது. வீசியவன் சயனைடு விழுங்கினான், வேலை செய்யவில்லை. ஆற்றில் குதித்தான், கோடைகாலம், முங்கும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் பார்க்கலாம் என்று இளவரசர் சொல்ல, பாதையை மாற்ற முடிவானது. எல்லோரும் சரி என்றார்கள், டிரைவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் பழைய பாதையில் திரும்பி, தவறு தெரிந்து வண்டியை நிறுத்திய இடத்தில் அந்த இளைஞர்களில் இன்னொருவன், பத்தொன்பது வயது காவ்ரிலோ பிரின்சிப், நின்றுகொண்டிருந்தான்.

சரி, உடனே போரா என்றால், அதுவும் இல்லை. ஆஸ்திரியச் சிப்பாய்கள் பலர் அறுவடை லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். ஜூலை 5ஆம் தேதி வில்ஹெல்ம், “என்ன வேண்டுமானாலும் செய், நான் இருக்கிறேன்” என்ற பொருளில் ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நார்வே பக்கம் உல்லாசப் பயணம் கிளம்பிவிட்டார். ஜூலை 23இல்தான் செர்பியாவுக்கு நாற்பத்தெட்டு மணி நேரக் கெடு போனது. செர்பியா ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தலையாட்டி ஒன்றிரண்டை மட்டும் மழுப்பியது. 28ஆம் தேதி காலை அந்தப் பதிலைப் படித்த வில்ஹெல்ம், இனி போருக்குக் காரணமே இல்லை என்று குறிப்பு எழுதினார். அன்றைக்கே ஆஸ்திரியா தந்தி அடித்துப் போரை அறிவித்துவிட்டது.

அப்புறம் மாமன் மாப்பிள்ளை தந்திகள். ‘வில்லி’ என்றும் ‘நிக்கி’ என்றும் கையெழுத்திட்டு, இருவரும் ஆங்கிலத்தில், “நீ கொஞ்சம் நிறுத்து”, “நீ முதலில் நிறுத்து” என்று அடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை மனம் இளகி முழுப் படைதிரட்டலை ஒரு ராத்திரி நிறுத்தியும் வைத்தார். மறுநாள் தளபதிகள் வெளியுறவு அமைச்சரை அனுப்பிப் பேசவைத்து, மறுபடி சம்மதம் வாங்கிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி ஜெர்மனி ரஷ்யா மீது போர் அறிவித்தது. ஆனால் ஜெர்மனியிடம் இருந்த ஒரே திட்டப்படி, கிழக்கே ரஷ்யாவோடு சண்டை என்றால் முதலில் மேற்கே பெல்ஜியம் வழியாக பிரான்சை அடிக்க வேண்டும். அன்று மாலை, பிரிட்டன் ஒதுங்கிவிடும் என்று லண்டனிலிருந்து ஒரு தப்பான தகவல் வந்தது. வில்ஹெல்ம் குஷியாகி, படையைக் கிழக்கே திருப்பு என்றார். தளபதி மோல்ட்கே முடியாது என்றுவிட்டார். ரயில் அட்டவணை போட்டாயிற்றாம். அதைப் போட ஒரு வருஷம் ஆகுமாம். “உங்கள் பெரியப்பாவாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பார்” என்று, முன்பு அதே பதவியில் இருந்த பெரிய மோல்ட்கேயை இழுத்துச் சக்கரவர்த்தி குத்தினார். மோல்ட்கே வீட்டுக்குப் போய் அழுதார். ராத்திரிக்குள் தகவல் பொய்யென்று தெரிந்து, ரயில்கள் மேற்கேயே ஓடின. 4ஆம் தேதி பெல்ஜியத்துக்காக பிரிட்டன் களத்தில் இறங்கியது. அதன் ஜாமீன் 1839ஆம் வருஷத்துப் பழசு.

இதில் எனக்குப் பிடித்த தேதி ஆகஸ்ட் 6. ஆஸ்திரியா ரஷ்யா மீது போர் அறிவித்தது அன்றுதான். ஜாமீன் போட்ட ஜெர்மனி ஐந்து நாளாக ரஷ்யாவோடு மோதிக்கொண்டிருக்க, கடன்காரர் அப்போதுதான் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். இத்தாலியோ, நீங்களாகப் போன சண்டைக்கு ஒப்பந்தம் செல்லாது என்று ஷரத்தைக் காட்டி ஒதுங்கிக்கொண்டு, யார் எவ்வளவு நிலம் தருவார்கள் என்று இரண்டு பக்கமும் விலை கேட்டு, 1915 மே மாதம் எதிர்க்கட்சியில் சேர்ந்தது.

கையெழுத்தே போடாதவர்களுக்கும் ஜப்தி வந்தது. பிரிட்டிஷ் படையில் முதல் தோட்டாவைச் சுட்டவர் டோகோவில் ஓர் ஆப்பிரிக்கச் சிப்பாய். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ‘எம்டன்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. இந்தியாவிலிருந்து பத்து லட்சம் பேருக்கு மேல் கடல் தாண்டிப் போனார்கள். எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் திரும்பவில்லை. செர்பியா எங்கே இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் வரைபடத்தில் காட்டியிருக்க வாய்ப்பில்லை.

1917இல் பதவி போன மாப்பிள்ளை நிக்கோலஸுக்கு அடைக்கலம் தர ஜார்ஜ் அண்ணன் தயங்கிப் பின்வாங்கினார். மறு வருஷம் புரட்சிக்காரர்கள் நிக்கோலஸைக் குடும்பத்தோடு சுட்டுவிட்டார்கள். அதே 1917இல் ஜார்ஜ், தன் வம்சத்தின் ஜெர்மன் பெயரை உதறிவிட்டு வின்ட்சர் என்று வைத்துக்கொண்டார். 1918 நவம்பரில் கைசர் முடியை இழந்து ஹாலந்துக்கு ஓடினார். நாலு வருஷமாக இங்கிலாந்தைச் சபித்துக்கொண்டிருந்த மனிதர், தஞ்சம் கொடுத்த பிரபுவின் கோட்டைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்டது ஒரு கப் டீயாம். நல்ல இங்கிலீஷ் டீயாக இருக்கட்டும் என்றாராம்.