பில்லுக்குக் கீழே ஒரு காலிக் கோடு

கேள்வி: டெக்சாஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். ஹோட்டலில் 60 டாலருக்குச் சாப்பிட்டுவிட்டு 12 டாலர் டிப்ஸ் எழுதுகிறான். சர்வருக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளியா, என் பிள்ளையா?

பதில்: பெரும்பகுதி உங்கள் பிள்ளைதான்! டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, அமெரிக்க மத்தியச் சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-இல் வைத்த தொகை. முட்டை விலை ஏறியது, வீட்டு வாடகை ஏறியது, அது மட்டும் ஏறவே இல்லை. டெக்சாஸிலும் இதே கணக்குதான். டிப்ஸும் சேர்ந்து பொதுக் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலரை எட்டாவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலியே உண்டு.

பல உணவகங்களில் மேசை துடைப்பவருக்கும் பாரில் நிற்பவருக்கும் சர்வர்தான் பங்கு பிரித்துத் தர வேண்டும். அதுவும் வாங்கிய டிப்ஸில் அல்ல, விற்ற தொகையில் இத்தனை சதவீதம் என்று! கார்டு தேய்த்ததும் வரும் சீட்டில் டிப்ஸுக்கென்று ஒரு கோடு காலியாக இருக்குமே, அதில் பூஜ்யம் போட்டுவிட்டு நீங்கள் எழுந்தால், உங்களுக்குப் பரிமாறியதற்காக அவர் கைக்காசு போகிறது. சூப்பில் உப்பு தூக்கலா? சமையலறையைத் திட்டுங்கள், தூக்கி வந்தவர் வயிற்றில் அடிக்காதீர்கள்.

ஏழெட்டுப் பேராகப் போனால் மட்டும் பில்லைக் கூர்ந்து பாருங்கள். 18 சதவீதத்தை அவர்களே சேர்த்திருக்கக்கூடும். இரண்டாம் முறை கொடுக்க வேண்டியதில்லை.