ராசியில்லாத டிரைவர்

எங்கள் வேனை மச்சினன் ஓட்டினால் பேட்டரி சார்ஜ் ஏறும். நான் ஓட்டினால் இறங்கும். இதை ஒரு விஞ்ஞானப் புதிராக வீட்டில் எடுத்துவைத்தேன். "உங்க கைராசி அப்படி" என்று மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

வேன், பழைய மெட்டடார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்யாணக் கோஷ்டியையும் அறுபடைவீடு போகிறவர்களையும் பிதுங்கப் பிதுங்க ஏற்றிக்கொண்டு போனதே, அதே சப்பை மூக்கு வண்டி. மச்சினன் அதன் பின்சீட்டுகளைக் கழற்றி எறிந்து, பிளைவுட் கட்டில், ஒற்றை அடுப்பு, ரெண்டு சின்ன ஃபேன், கொசுவலை எல்லாம் வைத்து 'கேம்பர்' ஆக்கினான். (அந்த மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற அவன் அலைந்த அலைச்சல் தனிக் கட்டுரை.) பணத்தில் பாதி என்னுடையது. ஆகவே ஸ்டியரிங்கிலும் பாதி எனக்கு.

முதல் பயணம் வேடந்தாங்கலுக்கு. போகும்போது நான்தான் ஓட்டினேன். இரும்புலியூரில் ஊர்ந்து, பெருங்களத்தூரில் நின்று, வண்டலூரில் மறுபடி ஊர்ந்து, கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைத் தாண்டிய பிறகும் நான் நாற்பதுக்கு மேல் போகவில்லை. என் சுபாவம் அது. இரவு வேனிலேயே படுத்தோம். விடிகாலையில் ஏரியில் பறவைகள் எல்லாம் எழுந்துவிட்டன, வண்டி மட்டும் எழவில்லை. சாவியைத் திருப்பினால் டக், டக். செல்ஃப் எடுக்கவில்லை. ஹாரன் தொண்டை கட்டிய பாகவதர் மாதிரி முனகியது. பறவை பார்க்க வந்தவர்கள் பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வேன் தள்ளினார்கள்.

திரும்பும்போது மச்சினன் ஓட்டினான், அவன் சுபாவப்படி. வீட்டு வாசலில் அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினான். ஒரே அடியில் ஸ்டார்ட்! "பாத்தீங்களா மாமா, வண்டியில ஒண்ணுமில்ல" என்றான். அவன் பார்வை வண்டி மேல் இல்லை.

பழைய டீசல் இன்ஜினில் ஒரு சௌகரியம் உண்டு. ஒருமுறை உயிர் வந்துவிட்டால் அதற்கு பேட்டரி தேவையில்லை. ஸ்பார்க் பிளக் கிடையாது, டீசல் பம்பை இன்ஜினே சுற்றிக்கொள்ளும். அணைத்தால்தான் ஆபத்து. அதனால் அடுத்த இரண்டு மாதம் நாங்கள் இன்ஜினை அணைக்காமல் டீ குடிக்கும் குடும்பமாக வாழ்ந்தோம். பரனூர் சுங்கச்சாவடியில் ஓடும் இன்ஜினோடு நின்றோம். காய்கறிக்கடை வாசலில், ஓடும் இன்ஜின் சத்தத்துக்கு மேலாகக் கத்தி முருங்கைக்காய் பேரம் பேசினோம். தாம்பரம் எவ்வளவு தட்டையான ஊர் என்பது செல்ஃப் எடுக்காத வண்டியை நிறுத்தச் சரிவு தேடும்போதுதான் தெரிகிறது. அதற்காகவே ஒருநாள் திருநீர்மலை அடிவாரம் வரை போனேன். பெருமாள் தரிசனமும் கிடைத்தது.

வைத்தியம் நடக்காமல் இல்லை. முதலில் பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினோம். அதுவும் பத்தே நாளில் படுத்தது. பிறகு ஃபேன் பெல்ட்டை இறுக்கினார்கள். எர்த் ஒயரைச் சுரண்டினார்கள். கடைசியில் ஒரு மெக்கானிக் "டைனமோவை இறக்கிடலாம் சார்" என்றார். அவர் டைனமோ என்றது ஆல்டர்னேட்டரை. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஆலை ஆல்டர்னேட்டர்களாகச் செய்து குவித்தும் நம் மெக்கானிக்குகள் வாயில் டைனமோ சாகவில்லை. இறக்கி, கார்பன் பிரஷ் மாற்றி, மாட்டி, ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்து மீட்டரைக் காட்டினார். 14.2 வோல்ட். "பிச்சிக்கிட்டு ஏறுது, பாருங்க!" டாக்டரைக் கண்டதும் விட்டுப்போகிற காய்ச்சல் போல. நான் மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன். மறுநாள் காலை டக், டக்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர். தாம்பரம் ரயில்வே கார் ஷெட்டில் மின்சார ரயில்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். காந்தத்தின் அருகே கம்பிச்சுருள் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று லண்டனில் ஃபாரடே கண்டது 1831இல். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடியது 1931இல். லண்டனிலிருந்து தாம்பரம் வர நூறு வருடம் எடுத்துக்கொண்ட சமாச்சாரம், ஸ்டேஷனிலிருந்து என் வாசலுக்கு வர இன்னும் தொண்ணூறு சொச்சம் வருடம் எடுத்துக்கொண்டது. அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை அழைத்து வந்தவர் இவர்தான்.

அவர் பானெட் பக்கமே போகவில்லை. "சாவியை மட்டும் திருப்புங்க தம்பி. ஸ்டார்ட் பண்ணாதீங்க. என்னென்ன விளக்கு எரியுது?"

"ஆயில் விளக்கு எரியுது சார்."

"பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு?"

"அது எரியறதே இல்ல சார். இந்த வண்டியில குறை சொல்லாத விளக்கு அது ஒண்ணுதான்."

பெரியவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமாட்டேன்.

அவர் சொன்னது இது. ஆல்டர்னேட்டருக்குள் சுற்றுகிற ரோட்டர் காந்தமாக வேண்டும், அதற்கு முதலில் கொஞ்சம் கரண்ட் தேவை. தண்ணீர் இறங்கிப்போன அடிபம்பில் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போமே, அது மாதிரி. எங்கள் வண்டியில் இருந்த பழைய வகையில், அந்தச் சொம்புத் தண்ணீர் பேட்டரியிலிருந்து இந்தச் சிவப்பு பல்பின் வழியாகத்தான் வரும். ஆல்டர்னேட்டர் வேலை செய்யத் தொடங்கியதும் பல்பின் இரண்டு பக்கமும் வோல்டேஜ் சமமாகிவிடும், பல்பு அணையும். பல்பு வழி அடைபட்டுப் போனால், ரோட்டர் இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய காந்தத்தை நம்பித்தான் பிழைப்பு. அது மிகக் கொஞ்சம். வேகமாகச் சுற்றினால்தான் உயிர் பிடிக்கும்.

அதாவது மச்சினன் மிதிக்கிற மிதியில் பிடிக்கும். மெக்கானிக் மிதித்தாலும் பிடிக்கும். நாற்பதில் போகும் யோக்கியனுக்குப் பிடிக்காது.

டாஷ்போர்டைக் கழற்றிப் பல்பை உருவினார். பல்பே இல்லை, எல்.இ.டி. மச்சினன் தலையைச் சொறிந்தான். "கேம்பர் ஆக்கினப்ப எல்லா பல்பையும் எல்.இ.டி.யா மாத்திட்டேன் மாமா. பேட்டரி மிச்சமாகுமேன்னு." எல்.இ.டி.க்குத் திசை உண்டு. திருப்பி மாட்டினால் எரியாது, கரண்டையும் விடாது. சரியாக மாட்டியிருந்தாலும் அது விடுகிற சொட்டு ரோட்டருக்குப் பெரும்பாலும் காணாது என்றார் பெரியவர்.

முடிச்சூர் சாலைக் கடையில் இழை உள்ள பழைய மாதிரி சின்ன பல்பு ஒன்று வாங்கி வந்து மாட்டினோம். சாவியைத் திருப்பியதும் குங்குமப்பொட்டு மாதிரி எரிந்தது. ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. யாரும் எதையும் மிதிக்காமலே மீட்டரில் 13.9.

பல்பின் விலை 15 ரூபாய். எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய பேட்டரி நல்ல பேட்டரிதான். ராசி விஷயத்தில் மட்டும் மனைவி இன்னும் தீர்ப்பை மாற்றவில்லை, மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது.