ஆடித் தள்ளுபடியில ஒரு தீவு

வாய்யா மருமவனே, ஒக்காரு. ஒங்கம்மா எல்லாம் சொன்னா. மாலத்தீவுல ரூம் போட்டாச்சு, ஜூலை கடேசியில பயணம், அதுவும் பாதி வெலைக்காம். கெட்டிக்காரன்லே நீ! ஆடியில தள்ளுபடிக்குச் சேலை எடுக்கிற ஊர்ல பொறந்தவன் தீவையும் தள்ளுபடியிலதான எடுப்பான். ஆனா ஆடிக்குப் புதுப்பொண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புறதுதான் நம்ம பக்கத்து வழக்கம். நீ கடலுக்குள்ள கூட்டிட்டுப் போறே. மாமியாக்காரி சம்மதிச்சிட்டாளா, இல்ல அவளுக்கும் சேத்தே ரூம் போட்டிருக்கியா?

மாமன் என்னத்தக் கண்டான்னு நெனைக்காத. தூத்துக்குடித் தோணியில தண்டலா இருந்து, மாலேக்கு வெங்காயமும் செங்கலும் சிமெண்டும் கொண்டுபோய் எறக்குன ஒடம்பு இது. ஆடிக்காத்து பிடிச்சா நாங்க பயணத்த நிறுத்திட்டு, தோணியக் கட்டிப் போட்டுட்டுச் சீட்டு வெளையாடுவோம். நாங்க படகு எடுக்க அஞ்சுற மாசத்துலதான் அந்த ஓட்டல்காரன் ஒன்னைய வா வான்னு பாதி வெலைக்குக் கூப்புடுதான். மே மாசத்துல இருந்து நவம்பர் வரைக்கும் அங்க தென்மேக்குக் காத்து, மழை. வாடை விழுந்து, தை பொறந்து, சித்திரை வரைக்கும்தான் தண்ணி தெளிஞ்சு கெடக்கும்.

அதுக்காக ஆடி முழுக்க மழைன்னும் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் ஊத்தும், ரெண்டு நாள் வெயிலு பொளக்கும். இன்னொரு விசயம், பா அட்டோல்ங்கிற தீவுக் கூட்டத்துல ஹனிஃபாருன்னு ஒரு வளைகுடா இருக்கு. ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் கொம்புத் திருக்கை கூட்டங்கூட்டமா இரை எடுக்க வரும். சிலிண்டர் கட்டி முங்க விட மாட்டான், மேல மெதந்துக்கிட்டே பாக்கணும். அதுக்குன்னு போறவன் இந்தக் காத்துலதான் போவான். ஆனா நீ திருக்கையப் பாக்கவா போறே? திருச்செந்தூர்க் கடல்ல முட்டளவு தண்ணியில நின்னுக்கிட்டு என் கையை விடாதவன் நீ.

சரி, போனக் காட்டு, ரூமப் பாப்போம். அடடா, துண்டை மடிச்சு அன்னம் பண்ணிக் கட்டில்ல நிறுத்தியிருக்கான், சுத்தி ரோசாப்பூ எதழ். ரூமு கல்யாண மண்டபம் மாதிரி அகண்டு தெரியுது. எந்த மூலையில ஒடுங்கி நின்னு எடுத்தானோ! அந்த அன்னத்தத் தூக்குனா ஒம் பொஞ்சாதி பெட்டியத் தொறந்து வைக்க எடம் இருக்கான்னு கேளு. வாசல்ல இருந்து சன்னல் வரைக்கும் நடந்துக்கிட்டே ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு. நல்ல ரூம் வச்சிருக்கவன் ஒடனே அனுப்புவான். மத்தவன் இன்னொரு அன்னத்த அனுப்புவான்.

‘கடல் தெரியும் அறை’ன்னு போட்டிருக்கா? எத்தனாவது மாடி, நடுவுல என்ன கட்டடம் எழும்புதுன்னு கேளு. நீ ரூம் போட்ட மாஃபுஷித் தீவுல ஒரு விடுதிய ஒட்டி இன்னொரு விடுதி எழும்பிக்கிட்டேதான் இருக்கு. நீ கடல் சத்தம் கேக்கப் போவே, காலையில கலவை மிசினு சத்தம் கேக்கும். ‘கடற்கரைக்கு அஞ்சு நிமிச நடை’ன்னு பெருமை வேற. லே, தீவோட நீளமே ஒண்ணேகால் கிலோமீட்டர்தான், எங்க இருந்து நடந்தாலும் அஞ்சு பத்து நிமிசத்துல கடல்ல விழத்தான் செய்வே. எந்தக் கரைன்னு கேளு. ஊர்ச் சனம் நடமாடுற கரை வேற, வெளிநாட்டுக்காரன் அரைகுறையாக் குளிக்க ஒதுக்குன கரை வேற. அந்தத் தீவுலயே ஒரு செயிலும் இருக்கு. படத்துல அதை எங்கயும் காங்கலியே.

தங்குனவன் எழுதுன கருத்த எல்லாம் படிச்சேன்னியா? அஞ்சு நட்சத்திரம் போட்டவன் ஓட்டல்காரன் மச்சான். ஒரு நட்சத்திரம் போட்டவன் பக்கத்து ஓட்டல்காரன் மச்சான். மூணு போட்டுட்டு, தண்ணி உப்புக் கரிச்சுது, ஏசி ஒழுகுச்சு, சாப்பாடு பரவால்லன்னு எழுதியிருக்கான் பாரு, அவந்தான் கைக்காசு போட்டுத் தங்குனவன்.

இப்ப கணக்குக்கு வா. ராத்திரிக்கு 60 டாலர்ங்கியே, பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி போட்டிருக்கானே, அத அழகுக்குன்னு நெனச்சியா? சேவைக் கட்டணம் 10 சதம், 6 டாலர். அந்த 66-க்கு மேல சுற்றுலா வரி 17 சதம், அது 11 சொச்சம். பச்சை வரின்னு ஒண்ணு, சின்ன விடுதின்னா ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், ரெண்டு பேருக்கு 12. எல்லாம் சேத்து 89. இதுல இன்னும் நீ கடல்ல காலே நனைக்கல.

தீவுல ரூமைப் பாத்துப் படகப் பிடிக்கக் கூடாது மருமவனே, படகப் பாத்து ரூமைப் பிடிக்கணும். வெமானம் எறங்குறதும் ஒரு தனித் தீவு, நீ தங்குறதும் ஒரு தீவு, நடுவுல ரோடு கெடையாது. மாஃபுஷின்னா வேகப் படகுல முக்கா மணிக்குள்ள போயிரலாம். சர்க்காருப் படகு மலிவு, ஆனா ஒண்ணரை மணி நேரம் ஆகும், வெள்ளிக்கெழமை பெரும்பாலும் ஓடாது. நீ எறங்குறது என்ன கெழமை? நல்லாப் போச்சு போ! தூரத்து அட்டோல்ல ‘அருமையான வெலை’ன்னு ரூம் போட்டா, பல எடத்துக்குக் கடல் வெமானத்துல போகணும். அது பொழுது வெளிச்சத்துல மட்டுந்தான் பறக்கும். சாயங்காலம் வந்து எறங்குனா மாலேயில ஒரு ராத்திரி வாடகை குடுத்துப் படுக்கணும். அந்த வெமானத்துக்கு ஆளுக்கு நூத்துக்கணக்குல டாலர். கட்டில் மலிவு, கட்டிலுக்குப் போய்ச் சேர்றதுதான் கிராக்கி.

தனித்தீவு சொகுசு விடுதின்னா சோத்தையும் சேத்துப் பேசிரு. அங்க பக்கத்துக் கடைன்னு ஒண்ணும் கெடையாது, பசிச்சா அவன் சொல்லுறதுதான் வெலை. தேங்காயும் மீனும் தவிர முக்காவாசிப் பண்டம் வெளியூர்ல இருந்துதான் போவுது. நான் மூட்டை மூட்டையா எறக்குன வெங்காயத்தத்தான் வட்டமா நறுக்கித் தட்டுல அடுக்கி, ஒங்கிட்ட டாலர்ல வாங்குதான். ஊர்த் தீவுல தங்குனேன்னா சந்துக்குச் சந்து சின்னச் சாப்பாட்டுக் கடை உண்டு. காலையில மாஸ் ஹுனி கேளு. சூரையும் தேங்காப்பூவும் வெங்காயமும் மொளகாயும் பெசஞ்சு ரொட்டியோட தருவான். எலுமிச்சம்பழத்த அவன் பிழியுறதுக்கு முந்தி நீயே வாங்கிப் பிழி.

முந்தி ரொம்ப வருசம் வெள்ளைக்காரன் ஊர்த் தீவுல தங்க முடியாம இருந்துச்சு. 1972-ல குரும்பான்னு மொத விடுதி வந்துச்சு. அப்புறம் வந்தவனுக்குத் தனித் தீவு, ஊர்க்காரனுக்குத் தனித் தீவுன்னு ஆச்சு. 2009 வாக்குலதான் ஊர் சனம் தன் தீவுல விடுதி நடத்தலாம்னு விட்டாவ. இந்தச் சட்டத்தாலதான் ஒன்னால அங்க போவ முடியுது. ஆனா அது முஸ்லிம் நாடு. ஊர்த் தீவுல பாட்டில் கெடையாது. ஒங்கூட வேலை பாக்குற தாடிக்காரன், பையில வச்சுக் கொண்டுபோலாம்னு சொன்னானாமே? வெமான நெலயத்துலயே வாங்கி வச்சிக்கிட்டு, திரும்பும்போது தருவான். பயணம் முழுக்க பத்திரமாப் பாத்துக்குவான், கவலைப்படாத.

ஒங்கம்மா பெட்டியில சின்னதாப் புள்ளையார் செலை வைப்பா, பாத்துக்கோ. கும்பிடுற செலை கொண்டுபோக அங்க தடை. திருநீறப் பூசிக்கிட்டு செலைய வீட்டுல விட்டுட்டுப் போ. வெமானம் ஏறுறதுக்கு முந்தின 96 மணி நேரத்துக்குள்ள இமுகாங்கிற படிவத்தப் போன்லயே நெரப்பணும், மறந்துராத. திரும்பும்போது கரையில கெடக்குதேன்னு பவளத்துண்டப் பொறுக்கிட்டு வராத, அதுவும் குத்தம்.

மாசிக் கருவாடு மட்டும் கொண்டா. ரெண்டு கிலோ போதும். நல்லாக் கறுத்து, ஒடச்சா கண்ணாடிச் செவப்பு தெரியணும், தட்டுனா கட்டையத் தட்டுன சத்தம் கேக்கணும். தூள் பண்ணி விக்கிறதத் தொடாத. எனக்குன்னு ஒங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லிராத. டாக்டரு உப்புக் கூடாதுன்னதுல இருந்து அவ கருவாட்டுப் பானைய எங்கன ஒளிச்சிருக்கான்னே எனக்குத் தெரியல.