ஜன்னல் சார்

சென்னையின் தெற்கே பெரிய ஜன்னல் வைத்த அடுக்ககம் எங்கே எழும்பினாலும் அங்கே ஒரு ஜன்னல் சார் குடிவந்துவிடுவார். பெரும்பாக்கத்தில் இருக்கிறார், சிறுசேரியில் இருக்கிறார், உங்கள் பிளாக்கிலும் விசாரித்துப் பாருங்கள். அநேகமாக ஆடிட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு வாங்கும்போது கிச்சன் அளவைக் கேட்கவில்லை, தண்ணீர் உப்பா என்று கேட்கவில்லை. "வியூ எப்படி?" என்பது ஒன்றைத்தான் கேட்டார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் முழுக்கத் தெரியும், சீசனுக்குப் பூநாரை வரும் என்றார்கள். சதுர அடிக்குக் கூடுதலாகக் கொடுத்து ஆறாவது மாடியை எடுத்தார். ஹாலில் எட்டடி அகலம், ஐந்தடி உயரம், இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல்.

பூநாரைக்கு முன்னால் இரண்டாம் கட்டக் கட்டடம் வந்துவிட்டது. இப்போது அவருடைய ஜன்னலுக்கு நேரெதிரே, ஏறக்குறைய அதே அளவில், இன்னொருவர் ஜன்னல்.

"பரண்ல பழைய ஸ்க்ரீன் இருக்கு. கம்பி மாட்டித் தொங்கவிடுங்க" என்றார் மனைவி. மற்றவர்கள் வீட்டில் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஜன்னல் சார் யோசித்தார். ஸ்க்ரீன் போட்டால் அவர்களுக்கு நாம் தெரியமாட்டோம், சரி. நமக்கும் அவர்கள் தெரியமாட்டார்களே! நம்மை ஒருவரும் பார்க்கக் கூடாது, நாம் ஒருவரையும் விடக் கூடாது என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை. ஆடிட்டில் அதற்குச் சம்பளமே கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கொள்கைக்குக் காரில் ஏற்கெனவே ஓர் அடி விழுந்தது. 2012 ஏப்ரலில் கார்க் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது, எவ்வளவு வெளிச்சம் ஊடுருவினாலும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிக்னலில் நிறுத்தி, போக்குவரத்துக் காவலர் முன்னாலேயே சார் தன் கையால் உரித்தார். பசை மட்டும் கண்ணாடியோடு தங்கிப்போனது, மனக்குறையும். "வீட்டு ஜன்னலுக்கு எவனும் வரமாட்டான்" என்று அன்றே சொன்னதாக மனைவி சொல்கிறார்.

ஸ்டிக்கர் கடைக்குப் போனார். கடைப் பையன் முதலில் மிரர் ஃபிலிமைக் காட்டினான். "ஒன் வே சார். நீங்க வெளிய பாக்கலாம், வெளிய இருக்கவங்களுக்கு நீங்க தெரியமாட்டீங்க." சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இது எங்கே இருந்தது?

"ராத்திரியுமா தம்பி?"

"ராத்திரி மட்டும் லைட்டை ஆஃப் பண்ணிடணும் சார். எந்தப் பக்கம் வெளிச்சம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் தெரியும்."

எதிர்வீட்டுக்காரர் பார்க்கக் கூடாது என்பதற்காக இருட்டில் சாப்பிட முடியுமா? மிரர் போனது. அடுத்து ஃப்ராஸ்டட். வெளிச்சத்தைத் தடுக்காது, சிதறடிக்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. கேட்லாக்கில் மூங்கில், தாமரை, கூழாங்கல், தியானத்தில் புத்தர் எல்லாம் இருந்தன. புரட்டிக்கொண்டே வந்தவர் மயிலில் நின்றார். மயிலின் கழுத்தும் உடலும் அச்சு. தோகையில் கண் கண்ணாக வெட்டி எடுத்து அந்த இடத்தில் மட்டும் வெறும் கண்ணாடி. ஒவ்வொரு கண்ணும் எலுமிச்சம்பழ அளவு. தான் வழக்கமாக உட்காரும் சாய்வு நாற்காலியின் உயரத்தைச் சார் மனசுக்குள் கணக்குப் போட்டார். வீட்டில் போய், "முருகன் வாகனம், அதான் பார்த்தேன்" என்றார். மனைவி கையெடுத்துக் கும்பிட்டார். பாவம்.

அளவெடுத்தது தனி வைபவம். ஜன்னல் போட்டவர்கள் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஃபிலிம் கடை அடியில் பேசும். சார் பேசுவது அங்குலம். மூன்றையும் ஒரு டைரியில் எழுதி, மேலே, நடுவே, கீழே என்று தனித்தனியாக அளந்து கூட்டிக் கையெழுத்தும் போட்டார். ரோல் நாலடி அகலம். ஒவ்வொரு கதவின் கண்ணாடியும் அதற்குக் கொஞ்சம் குறைவு என்பதால் ஜாயிண்ட் விழாது என்று கடைக்காரர் சொன்னதற்கு எழுத்துப்பூர்வமாக உறுதி கேட்டார்.

அப்புறம் ஒரு சிக்கல். "டிசைன் உள்ள இருந்து பாக்கவா சார், வெளிய இருந்து பாக்கவா? அதுக்கேத்த மாதிரி திருப்பி அடிக்கணும்." வாஸ்துப்படி மயில் கிழக்கே பார்க்க வேண்டும். உள்ளேயிருந்து பார்த்தால் வலப்பக்கம் திரும்பிய மயில் வெளியேயிருந்து பார்த்தால் இடப்பக்கம் திரும்புகிறதே, அப்போது மேற்கே பார்க்கிறதா? ஜன்னல் இருப்பது வடக்குச் சுவரில். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கிழக்கே பார்க்கும் மயில் கிழக்கேதான் பார்க்கும் என்பதைப் பையன் விசிட்டிங் கார்டில் படம் வரைந்து விளக்கினான். சார் மொட்டை மாடிக்குப் போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வந்து ஒப்புக்கொண்டார்.

ஒட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஃபேனை நிறுத்தச் சொன்னார்கள். காற்றில் தூசு வந்து பசையில் உட்கார்ந்தால் எடுக்க முடியாது. கண்ணாடியை பிளேடால் சுரண்டித் துடைத்தார்கள். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து ஊற்றியபோது சார் திடுக்கிட்டார். "தலைக்குத் தேய்க்கிற சாமான்பா அது!" வழுக்கினால்தான் ஃபிலிமை நகர்த்தி நேர்செய்ய முடியும் என்றார்கள். ஒருவன் பின்தாளை உரிக்க, ஒருவன் பசைப் பக்கம் தண்ணீர் அடிக்க, கண்ணாடியில் ஏற்றி ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினார்கள். பார்க்க அழகான வேலை. சார் இல்லாதிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

"தம்பி, அங்க ஒரு பபிள்."

"தண்ணி சார் அது. ரெண்டு மூணு நாள்ல காஞ்சிடும்."

"ஓரத்துல ஒரு நூல் கேப் விட்டிருக்கியே?"

"ரப்பர்ல இடிச்சா ஃபிலிம் எழும்பிடும் சார். விட்டுத்தான் வெட்டணும்."

சார் நம்பவில்லை. அவர்கள் கிளம்பியதும் பர்மனென்ட் மார்க்கரை எடுத்தார். எங்கெல்லாம் பபிள் தெரிந்ததோ அங்கெல்லாம் வட்டம் போட்டு, வரிசை எண்ணும் தேதியும் எழுதினார். பையன் சொன்னபடியே பபிள் எல்லாம் காய்ந்து மறைந்தது. வட்டங்கள் மறையவில்லை. ஃப்ராஸ்டட் ஃபிலிமின் சொரசொரப்பு மை முழுவதையும் உறிஞ்சிக்கொண்டது. இன்றைக்கும் அந்த மயில் உடம்பெல்லாம் ஆடிட் குறிப்போடுதான் நிற்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கேட்லாக்கில் இல்லை. கழுத்து ஒரு கதவில், தோகை இன்னொரு கதவில். காற்றுக்காக ஜன்னலைத் திறந்தால் தோகை போய்க் கழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கானமயில் சட்டென்று வான்கோழியாகிவிடும். வெட்டிவிட்ட கண்களையும் கழுத்துக் கதவு மறைத்துக்கொள்ளும். ஆகவே ஊர் நடப்பு தெரிய வேண்டுமானால் ஜன்னலைச் சாத்தியாக வேண்டும். சார் மே மாதத்தில் ஜன்னலைச் சாத்தி, வியர்க்க வியர்க்க, ஒரு தோகைக் கண்ணில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விருந்தாளிகள் வந்தாலும் சாத்திவிடுவார். முழு மயிலையும் பார்த்துவிட்டுத்தான் அவர்களுக்கு மோர்.

ஒரு நாள் எதிர்வீட்டு ஜன்னலில் வெள்ளை ஃபிலிம் ஏறியது. டிசைன் கிடையாது, இடைவெளி கிடையாது, மேலிருந்து கீழ்வரை ஒரே பனி. சார் கொதித்துப்போனார். "என்னத்தை மறைக்கிறாங்க?" கட்டடத்தின் எலிவேஷன் கெடுகிறது என்று அசோசியேஷன் கூட்டத்தில் புகார் கொடுத்தார்.

எதிர்வீட்டு அம்மா எழுந்தார். "கோவிச்சுக்காதீங்க சார். பசங்களுக்குப் பரீட்சை. ராத்திரியானா புஸ்தகத்தைத் தூக்கிப் போட்டுட்டு உங்க ஜன்னல் முன்னாடி உக்காந்துடுதுங்க."

விளக்கு உள்ளே எரிய, ஃப்ராஸ்டட் கண்ணாடியை ஒட்டி நிற்கும் ஆள் வெளியே கறுப்பாக, விளிம்பு பிசகாமல் தெரிவார். தோல்பாவைக்கூத்தில் பொம்மையைத் திரையோடு அழுத்திப் பிடிப்பது அதற்காகத்தான். டாக்டர் சொன்ன உடற்பயிற்சியைச் சார் தினமும் ஒன்பது மணிக்கு ஜன்னலோரம்தான் செய்வார். தோப்புக்கரணம், கை சுழற்றல், நடுவில் வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டுதல். "சின்னவன் ஒவ்வொண்ணுக்கும் குரல் வேற குடுக்கறான் சார்" என்றார் அந்த அம்மா. செயலாளர் மினிட்ஸ் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மறுநாள் சார் துணிக்கடையில் இருந்தார். கடைக்காரர் கனமான ஸ்க்ரீன் துணியை விரித்துக் காட்டி, "இதுல துளி வெளிச்சம் போகாது சார்" என்றார். சார் துணியைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுலயே அங்கங்க ஓட்டை வெச்ச டிசைன் வருதா?"