பொட்டலம் கட்டுவதில் முதுநிலைப் பட்டம்

பொட்டலம் கட்டவும் முதுநிலைப் படிப்பு உண்டு. சிரிக்காதீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1952-லேயே பேக்கேஜிங் படிப்புக்குக் கடை விரித்துவிட்டது. பிறகு முனைவர் பட்டமும் கொடுத்தது. நாமும் சளைக்கவில்லை. 1966-ல் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இந்திய பேக்கேஜிங் நிறுவனம் மும்பையில் பிறந்தது. சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு.

படிப்பு லேசானதல்ல. உறைக்குள் ஆக்சிஜன் எவ்வளவு நுழையும், ஈரம் எவ்வளவு ஊடுருவும், பெட்டி எந்த உயரத்திலிருந்து விழுந்தால் உடையும், ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கலாம், எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. சிப்ஸ் பாக்கெட்டில் காற்றை விற்கிறான் என்று திட்டுகிறோமே, அது நைட்ரஜன். சிக்கு வாடை அடிக்காமலும் வில்லைகள் நொறுங்காமலும் காக்கிறது. படித்தவர் செய்த வேலை. பழுதில்லை. கிழித்த பிறகு அந்த உறை எங்கே போகும் என்பதையும் வகுப்பில் சொல்லித்தரலாம். சம்பளம் கொடுக்கிற முதலாளிதான் அதைக் கேட்பதில்லை.

தின்பண்டத்துக்குக் காலாவதித் தேதி அச்சிடுகிறார்கள். பாக்கெட்டுக்கு அச்சிடுவதில்லை. அச்சிட்டால் நம் பேரன் பேத்திகளின் காலத்தையும் தாண்டித் தேதி போடவேண்டியிருக்கும்.

வந்தவாசிக்கு வாருங்கள். கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். பாய்க்கு என்ன பேக்கிங்? சுருட்டு, கயிறு கட்டு, தோளில் போடு. முடிந்தது. நைந்து போனால் மண்ணோடு மண். இதற்கு எவரும் பட்டம் தரவில்லை. அந்தப் பாயைத்தான் பிளாஸ்டிக் பாய் கடையைவிட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பக்கத்து ஆரணியில் பட்டு நெய்கிறவருக்குக் கூலி கூட்டச் சொன்னால் தொழிலில் லாபமே இல்லை என்பார்கள். புடவை வைக்கும் பளபள பெட்டிக்கு மட்டும் எங்கிருந்தோ பணம் வந்துவிடும்.

1760 ஜனவரி 22 அன்று இந்த வந்தவாசியில்தான் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். நம் ஊரை யார் சுரண்டுவது என்பதற்கு நடந்த சண்டை. அன்று கம்பெனிகளுக்குப் பீரங்கி தேவைப்பட்டது. இன்று பெட்டிக்கடையில் ஓர் ஆணி போதும். அதில் சரம் சரமாகத் தொங்குகின்றன ஷாம்பு, காபித்தூள், ஊறுகாய், பாக்கு.

ஷாம்பு சாஷேவைப் பரப்பியதில் நம் கடலூருக்குப் பெரும் பங்கு. சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்தார். அவர் மகன் ரங்கநாதன் சிக் ஷாம்புவை மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோனார். பாட்டில் வாங்க வழியில்லாதவரும் தலைக்கு நுரை போட்டார். அதைப் பழிப்பது பாவம். ஆனால் நுரை ஒரு நிமிடம். உறை ஏழு தலைமுறை. லாபம் கம்பெனிக்கு, உறை சாக்கடைக்கு. இந்தப் பங்கு பிரிப்பை யார் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டது?

அரசு சும்மா இருந்ததா? இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. அதிகாரிகள் புறப்பட்டார்கள். பூக்காரம்மாவின் கவர் பறிமுதல். இட்லிக் கடைக்காரருக்கு அபராதம். ஆலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கும் 2020-ல் ரத்தானது. சிப்ஸ் பாக்கெட் அந்த அரசாணையைப் படித்ததாகத் தெரியவில்லை. இன்னமும் தொங்குகிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. நல்ல திட்டம். நாமும் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறோம். அதற்குள் பதினைந்து பிளாஸ்டிக் பாக்கெட்டுகளைப் போட்டு வீட்டுக்கு வருகிறோம்.

டெல்லியின் கைவரிசையைப் பாருங்கள். பிளாஸ்டிக், அலுமினியம், மறுபடி பிளாஸ்டிக் என்று ஒட்டி வருகிற பல அடுக்கு உறைதான் பெரிய தலைவலி. பிரிப்பதும் கடினம், உருக்கி மறுபடி பயன்படுத்துவதும் கடினம். பழைய இரும்புக்காரரும் சீண்டமாட்டார். 2016 மார்ச் 18 அன்று மத்திய அரசு விதி போட்டது: மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டே ஆண்டில் ஒழிக்கவேண்டும். கைதட்டினோம். கெடு முடிந்தது. ஒன்பதாம் நாள், 2018 மார்ச் 27 அன்று, திருத்தம் வந்தது. மறுசுழற்சி செய்யவும் முடியாமல், எரித்து ஆற்றல் எடுக்கவும் முடியாமல், வேறு எதற்கும் உதவாமலும் இருந்தால்தான் ஒழிக்கவேண்டும் என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். எரியாத பிளாஸ்டிக் எந்த ஊரில் இருக்கிறது? சிமெண்ட் ஆலை உலையில் போட்டால் எரியும். ஆகவே எதையும் ஒழிக்கவேண்டியதில்லை. தடை அப்படியே இருக்கிறது. தடுக்கப்படும் பொருள்தான் காணாமல் போய்விட்டது.

அடுத்த ஏற்பாடு 2022-ல். கம்பெனி தான் விற்ற பிளாஸ்டிக்குக்குத் தானே பொறுப்பு. நியாயம்தானே? பொறுப்பை எப்படி நிறைவேற்றுவது? மறுசுழற்சி செய்தவரிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் போதும். மறு ஆண்டே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தது. லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள். பிளாஸ்டிக் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. காகிதம் மட்டும் சுழன்றிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு குற்றவாளி யார்? நீங்களும் நானும்தான். பாக்கெட்டின் மூலையில் ஒரு குட்டி மனிதன் குனிந்து தொட்டியில் குப்பை போடுகிறான், பார்த்திருக்கிறீர்களா? கம்பெனி தன் பொறுப்பை இரண்டு மில்லிமீட்டரில் அச்சிட்டு நம் கையில் திணித்த படம் அது. செய்தது அவர்கள். விற்றது அவர்கள். விதியைத் திருத்தியது அரசு. குனியவேண்டியது மட்டும் நாம். நமக்குப் பின்னால் குனிகிறவர் தூய்மைப் பணியாளர். மழை பெய்தால் அடைத்த சாக்கடையில் இறங்குபவரும் அவரே. உறையை வடிவமைக்க முதுநிலைப் பட்டம் கேட்கிற நாடு, அதைப் பொறுக்குகிறவருக்கு ஒரு ஜோடி ஒழுங்கான கையுறை வாங்க டெண்டர் விடுகிறது.

பேக்கேஜிங் படிக்கும் பிள்ளைகளே, உங்கள்மேல் கோபமில்லை. நன்றாகப் படியுங்கள். ஆய்வுக்குத் தலைப்பு வேண்டுமானால் அந்த 2018 திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுத் தடையை மூன்றே நிபந்தனையில் மடித்து, உண்மை ஒரு துளி கசியாமல், மக்கள் கோபம் ஒரு மூச்சு நுழையாமல், இத்தனை ஆண்டுகள் கெடாமல் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் இவ்வளவு கச்சிதமாகப் பொட்டலம் கட்டக் கற்றுக்கொடுத்ததில்லை. முனைவர் பட்டத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். பட்டமளிப்பு விழாவை நம் ஊர்க் குப்பைக் கிடங்கில் வைத்துக்கொள்ளலாம். இடம் தாராளம்.