படிக்கலாம்னு இருக்கேன்

“கிராபிக் டிசைன் படிக்கலாம்னு இருக்கேன்” என்று அவர் சொல்லும்போது இலக்கணத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ‘படிக்கலாம்’ என்பதில் ஆசை இருக்கிறது. ‘இருக்கேன்’ என்பதில் ஆள் உட்கார்ந்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் அந்தச் சின்ன ‘னு’வில் பாய் விரித்துப் படுத்துவிட்டவர்தான் நம்மவர். பிளஸ் டூ முடித்த கையோடு இதைச் சொன்னார். என்ஜினீயரிங்கில் மூன்று அரியர் வைத்திருந்தபோது சொன்னார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் சொன்னார், அந்த வேலை பிடிக்காத துக்கத்திலும் சொன்னார். இப்போது மகளுக்கு எல்.கே.ஜி. விண்ணப்பம் வாங்க வரிசையில் நிற்கிறார், முன்னால் நிற்பவரிடம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் நாலு வருஷப் படிப்பை நாலு தடவை முடித்திருக்கலாம். மதில்மேல் பூனை என்று இவரைச் சொல்வது பூனைக்குச் செய்கிற அநியாயம். பசி எடுத்தால் பூனை ஏதாவது ஒரு பக்கம் குதித்துவிடும்.

அவரிடம் லேப்டாப் ஆராய்ச்சி உண்டு, எழுத்துருச் சேகரிப்பு உண்டு, இன்னும் பிறக்காத கம்பெனிக்கு லோகோகூட உண்டு. அதையெல்லாம் மன்னித்துவிடலாம். தாங்க முடியாதது அபிப்பிராயம் கேட்கும் வியாதி. ஃப்ளெக்ஸ் கடை அண்ணனிடம் போய்க் கேட்பார். அவர் கண்ணீர் அஞ்சலி பேனரில் காலமானவரின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வைத்துக்கொண்டே, “இதுக்கு எதுக்குத் தம்பி காலேஜ்? மூணு மாசம் இங்க வந்து உக்காருங்க, கோரல்டிரா தானா வந்துடும்” என்பார். ‘வேண்டாம்’ கணக்கில் ஒரு ஓட்டு. பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு போன் போடுவார். “டிகிரி இல்லாட்டி எச்.ஆர். ரெஸ்யூமையே தொடமாட்டான்டா” என்று பதில் வரும். ‘வேண்டும்’ கணக்கில் ஒரு ஓட்டு. எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொள்வார். எண்ணிக்கை சமமாக இருக்கும்வரை மனிதர் நிம்மதியாக இருப்பார். நாலு பேர் சேரச் சொல்லி, இரண்டு பேர்தான் வேண்டாம் என்றிருந்தால் முகம் வாடிவிடும். உடனே, “படம் போடறதுக்கு ஒரு படிப்பா?” என்று கேட்கக்கூடிய ரிட்டையர்டு தலைமை ஆசிரியராகத் தேடிப் பிடித்து, குறைகிற இரண்டு ஓட்டை வாங்கித் தராசு முள்ளை நடுவில் நிறுத்துவார். அதற்குப் பிறகுதான் தூக்கம். ஜோசியரையும் விடவில்லை. “சுக்கிரன் நல்லா இருக்கான், கலைத்துறை கைகொடுக்கும். ஆனா ராகு பார்க்கிறான்” என்றார் ஜோசியர். ஒரே வாயிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் ஓட்டு! கேட்டதற்கு மேல் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்குப் பிடிக்காத பதில் ஒன்றே ஒன்றுதான்: “சேருங்க, விண்ணப்பம் இந்த வாரமே போடுங்க.” இதைச் சொன்னவரை அதற்கப்புறம் அவர் பார்க்கப் போவதே இல்லை.

பலரைக் கேட்டு முடிவெடுப்பது நல்ல பழக்கம்தானே என்று அவருக்காக வாதாடுபவர்கள் உண்டு. நிலம் வாங்குவதென்றால் சரி. அங்கே வில்லங்கம் பார்க்கலாம், தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்கலாம், பதில் எல்லோருக்கும் ஒன்றுதான். டிசைன் படிப்பைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக்குத்தான் சமாதானம் சொல்கிறார். படிக்காமல் ஜெயித்தவர் படிப்பு வீண் என்பார். கடன் வாங்கிப் படித்தவர், கடன் முடியும்வரையாவது, படிப்பில்லாமல் முடியாது என்பார். நூறு பேரைக் கேட்டால் நூறு சுயசரிதை கிடைக்கும். நம்மவரின் கைக்கு வரையத் தெரியுமா என்பது அந்த நூறில் ஒன்றிலும் இருக்காது.

பெரிய மனிதர்களின் வரலாற்றையும் இவர் ஓட்டாக மாற்றி வைத்திருக்கிறார். சத்யஜித் ராய் சாந்திநிகேதனில் ஐந்து வருஷ ஓவியப் படிப்பை முடிக்காமலே விட்டுவிட்டு, 1943-இல் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் விளம்பரக் கம்பெனியில் மாதம் 80 ரூபாய்க்குச் சேர்ந்தார், பின்னால் ராய் ரோமன் என்று ஆங்கில எழுத்துருவே வடிவமைத்தார். இது ‘வேண்டாம்’ பக்கம். ஆர்.கே. லக்ஷ்மணை பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளி சேர்த்துக்கொள்ளவில்லை. அதுவும் ‘வேண்டாம்’. அமெரிக்காவில் டேவிட் கார்சன் சமூகவியல் படித்தவர், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தவர், பத்திரிகை வடிவமைப்பையே தலைகீழாக்கினார். மூன்றாவது ‘வேண்டாம்’. ‘வேண்டும்’ பக்கத்துக்கு நம் ஊர் உதயகுமார் இருக்கிறார். சென்னையில் கட்டடக்கலை, அப்புறம் பம்பாய் ஐ.ஐ.டி.யில் டிசைன், தமிழ் அச்செழுத்துகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. 2010-இல் ரூபாய்க்கு அவர் போட்ட குறியீடு இன்று எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. நைக்கி கம்பெனியின் சின்னத்தை 1971-இல் 35 டாலருக்குப் போட்டுக் கொடுத்த கரோலின் டேவிட்சன் அப்போது டிசைன் மாணவி. அவரை எந்தப் பக்கம் வைப்பதென்று நம்மவருக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. படித்தவர் என்று பார்த்தால் ஒரு கணக்கு, வாங்கிய கூலியைப் பார்த்தால் வேறு கணக்கு.

இந்தப் பட்டியலை அவர் இத்தனை நாள் வைத்திருந்தும் ஒன்றைக் கவனிக்கவில்லை. பாதியில் விடுவதற்கும் ராய் முதலில் போய்ச் சேர வேண்டியிருந்தது. விண்ணப்பம் போட்டதால்தான் லக்ஷ்மணை அவர்களால் நிராகரிக்க முடிந்தது. கார்சனும் சும்மா வந்துவிடவில்லை, 1980-இல் அரிசோனாவில் இரண்டு வாரப் பயிற்சிப் பட்டறை ஒன்றில் போய் உட்கார்ந்தார். இரண்டு வாரம்! நம்மவருக்கு அது கிராபிக்ஸ் கார்டு எட்டு ஜி.பி.யா பதினாறா என்று யோசிப்பதற்கே பற்றாது. படித்தவர், படிக்காதவர், துரத்தப்பட்டவர் எல்லோரும் முதலில் ஏதோ ஒன்றைக் கையால் செய்து யாரிடமோ காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அவர்களுக்குப் படிப்பு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கே அர்த்தம் வந்தது. இவர் இன்னும் ஒரு தாளைக்கூட யாரிடமும் காட்டவில்லை. பிறக்காத கம்பெனியின் லோகோவும் செல்போனில் பூட்டுப் போட்ட ஃபோல்டரில் இருக்கிறது.

விஷயம் தெரியாமல் சும்மா இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1961-இல் அகமதாபாதில் என்.ஐ.டி. வந்தது அவருக்குத் தெரியும். பம்பாய் ஐ.ஐ.டி.யில் டிசைன் துறை 1969-இல் தொடங்கியது, எழும்பூர்ப் பக்கத்து அரசு கவின்கலைக் கல்லூரியை 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் ஆரம்பித்தது, எல்லாம் விரல்நுனியில். பி.டெஸ். படிப்புக்கான யூசீட் தேர்வுக்கு வயது வரம்பு உண்டு, அடுத்தடுத்த வருஷங்களில் இரண்டு தடவைக்கு மேல் எழுத முடியாது. அது கைவிட்டுப் போனபோது கொஞ்சம் வருத்தப்பட்டார். ஆனால் பட்டதாரிகளுக்கான சீட் தேர்வுக்கு வயது வரம்பும் கிடையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்று கண்டுபிடித்த அன்று அவர் முகத்தில் வந்த ஒளியை ஃப்ளெக்ஸ் கடை அண்ணனாலும் போட முடியாது. சீட் எழுதினால்தான் சீட் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

காசுக் கவலை இருக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனியார் கல்லூரிகளில் டிசைன் படிப்புக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், அப்பாவின் பி.எஃப். பணத்தை யோசிக்காமல் தூக்கிக் கொடுக்கச் சொல்வது அயோக்கியத்தனம். ஆனால் காசைப் பற்றிய யோசனைக்கு ஒரு சாயங்காலமும் ஒரு பேனாவும் போதும். கட்டணம் இவ்வளவு, விடுதி இவ்வளவு, கையில் இருப்பது இவ்வளவு, கடனுக்கு மாதத் தவணை இவ்வளவு. முடியாதென்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே கட்டணம் ஒரு பொருட்டல்ல. பதினேழு வருஷமாகப் போட்டும் முடியாத கணக்கென்றால் அது காசுக் கணக்காக இருக்க முடியாது.

இப்போது அவருக்குப் புதுசாக ஒரு வலுவான காரணம் கிடைத்திருக்கிறது: “எல்லாத்தையும் ஏ.ஐ.யே போட்டுடுமாம். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.” இதைச் சிரித்துத் தள்ள நான் தயாராக இல்லை. பேஜ்மேக்கர் 1985-இல் வந்தது, ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிய அச்சுக்கோப்பாளர்கள் மெல்ல மெல்ல வேலையிழந்தார்கள். ஃப்ளெக்ஸ் வந்ததும் சுவரெழுத்து ஓவியர்களுக்கும் அதே கதி. அடுத்து யார் தலைமேல் விழும் என்று பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பயம் எந்தப் பக்கம் தள்ள வேண்டும்? மூன்று மாதம் மென்பொருள் பட்டனை மட்டும் கற்றவருக்குத்தான் பட்டன் மாறினால் ஆபத்து. 2001-க்குப் பிறகு புதிய பதிப்பே வராத பேஜ்மேக்கரை நம் ஊர்ப் பயிற்சி மையங்கள் எத்தனை வருஷம் காசு வாங்கிச் சொல்லிக்கொடுத்தன! எழுத்துக்கு எவ்வளவு இடைவெளி, கண் முதலில் எங்கே போகும், எதை எடுத்துவிட்டால் மற்றது தெரியும் என்று கற்றவர் ஈயத்திலும் பிழைத்தார், கணினியிலும் பிழைத்தார். பொறுத்துப் பார்ப்பவர் முன்பு கான்வாவுக்காகப் பொறுத்தார், அதற்கு முன் வேறெதற்காகவோ. அலை ஓயட்டும் என்று கரையில் துண்டோடு நிற்பவரிடம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பயனில்லை.

இவ்வளவு திட்டிய பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்குக் கண் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் தேதி பார்ப்பதற்கு முன் தாளைத் தடவிப் பார்ப்பார். நாலு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார், ஒரே அட்டையில் ஐந்து வகை எழுத்து. மாப்பிள்ளை பெயரைவிட அவருடைய ‘பி.இ.’ பெரிசு, அதைவிடப் பெரிசு தாய்மாமன் பெயர். நம்மவர் கட்டைவிரலால் அந்த ‘பி.இ.’யை மறைத்துவிட்டு, “இப்பப் பாருங்க” என்பார். உண்மையிலேயே பெயர் அப்போதுதான் தெரியும். தெருவோரப் பேனரில் ‘பெரியார் நகர்’ என்பதில் கொம்பு ப-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்பதைப் பார்த்தால், சொந்தக்காரருக்கு அடிபட்ட மாதிரி நின்றுவிடுவார். போட்டோஷாப்பில் இந்திய எழுத்துகளுக்கான ஒரு அமைப்பை மாற்றாமல் விட்டதால் வந்த வினை, இரண்டு சொடுக்கில் சரியாகும் என்று காரணமும் சொல்வார். கேட்டுக்கொண்டிருக்கும்போது, அடடா, இந்த மனிதர் அன்றைக்கே ஏதாவது ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று ஆற்றாமையாக இருக்கும்.

அந்த ஆற்றாமையோடு நிறுத்திக்கொள்ளலாம்தான், ஆனால் அவர் நம்மை விடுவதில்லை. இத்தனை வருஷம் கேட்டுச் சேர்த்த அபிப்பிராயங்களால் இப்போது அவரே அபிப்பிராயம் சொல்பவர் ஆகிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் படம். அவள் அப்பா வந்து, “தம்பி, இந்த லைன் தெரிஞ்சவரு நீங்கதான். பாப்பா டிசைன்னு அடம் பிடிக்குது, ஒரு வார்த்தை சொல்லுங்க” என்கிறார். நம்மவர் செல்போனைத் திறந்து இரண்டு பக்கத்து ஓட்டையும் வாசிக்கிறார். ராய் பாதியில் விட்டதைச் சொல்கிறார், 35 டாலரைச் சொல்கிறார், ஏ.ஐ.யைச் சொல்கிறார். கடைசியில், “அவசரப்பட வேண்டாம் சார், இன்னும் நாலு பேரைக் கேட்டுப் பாருங்க” என்று முடிக்கிறார். அப்பா கேட்டுப் பார்க்கிறார். அதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிடுகிறது, பெண் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் பி.காம். சேர்கிறாள். இது வேடிக்கை இல்லை. தன் வருஷங்களை அவர் எப்படி வேண்டுமானாலும் செலவழிக்கட்டும். அவளுக்கு இருந்தது இரண்டு வாய்ப்பு, அதில் ஒன்றை இவர் தின்றுவிட்டார்.

அப்படி ஒரு பெண் உங்கள் தெருவிலும் இருப்பாள். தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று பார்த்துச் சொல்லுங்கள், வரைந்து பழக நாலு பெரிய தாள் வாங்கிக் கொடுங்கள். தயவுசெய்து இவர் வீட்டு விலாசத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.